கத்தாத பெடல், அடங்காத பெடல்: அறிகுறியை வைத்துப் பிழை தேடுவது

நான் இதுவரை கட்டிய கிட்டார் பெடல்களில், அதாவது கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவில் வைத்து, காலால் மிதித்தால் சத்தத்தை மாற்றும் பெட்டிகளில், முதல் மிதியிலேயே பாடியவை இரண்டுதான். மற்றவை ஊமையாக இருந்தன, ஊளையிட்டன, அல்லது பெட்டியை மூடிய நொடியில் செத்துப்போயின. ஆரம்பத்தில் நானும் எல்லோரையும் போல ஐசியைச் சந்தேகப்பட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். பார்ட்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்குப் பக்கத்திலோ பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்குப் பக்கத்திலோ இருப்பவருக்கு அது சரிப்படும். சேலம் அம்மாபேட்டையில் உட்கார்ந்துகொண்டு அப்படிச் செய்தால், ஒரு டிரான்சிஸ்டருக்காக நாலு நாள் கூரியர் பையனை எதிர்பார்த்திருந்து, அது வந்த பிறகு பழையதும் நல்லாத்தான் இருந்திருக்கிறது என்று தெரியவரும். எனக்கு மூன்று தடவை அப்படித் தெரியவந்திருக்கிறது.

என் அனுபவத்தில் பெரும்பாலும் பார்ட்ஸ் மேல் குற்றமில்லை, நம் கை மேல்தான். வயர் இடம் மாறியிருக்கும், ஈயம் பிடித்திருக்காது, இரண்டு கால் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் கடைக்குப் போகும் முன் அளந்து பார்த்துவிட வேண்டும். உங்கள் பெடல் என்ன செய்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போய்விடலாம். அதற்கு முன் இரண்டு கருவிகள்.

முதலில் மீட்டரும் ஒரு பழைய கேபிளும்

பீப் சத்தம் போடும் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். இன்னொன்று கடையில் கிடைக்காது, நாமே செய்துகொள்ள வேண்டும். ஒரு பக்கம் பழுதான கிட்டார் கேபிள் எல்லோர் வீட்டிலும் ஒன்று கிடக்கும். நல்ல பக்கத்துப் பின்னை விட்டுவிட்டு மறுபக்கத்தை வெட்டுங்கள். உள்வயரின் நுனியில் 104 (அதாவது 100 நானோஃபாரட்) கண்டென்சர் ஒன்றைப் பற்றவைத்து, அதன் மறு காலைக் குச்சி போல நீட்டிவிடுங்கள். வெளிவலையில் ஒரு முதலை கிளிப். கிளிப்பைப் பெடலின் எர்த்தில் கவ்வவிட்டு, பின்னை ஆம்பில் செருகி, குச்சியால் சர்க்யூட்டின் ஒவ்வொரு இடமாகத் தொட்டுக்கொண்டே போனால் சிக்னல் எதுவரை வருகிறது, எங்கே காணாமல் போகிறது என்று காதுக்கே கேட்கும். நுனியில் கண்டென்சர் இருப்பது டிசி வோல்டேஜ் ஆம்புக்குள் போகாமல் தடுக்க. இதற்கு ஆடியோ ப்ரோப் என்று பெயர்.

தந்தியைத் தட்டிக்கொண்டே ப்ரோப்பையும் பிடிக்க மூன்றாவது கை வேண்டும் என்பதால், ஃபோனில் ஏதாவது பாட்டைக் குறைந்த சத்தத்தில் ஓடவிட்டு அதை இன்புட்டில் கொடுத்துவிடுவேன். ஆம்பின் வால்யூமையும் குறைத்து வையுங்கள். முழு வால்யூமில் ஒரு டிரான்சிஸ்டரின் கலெக்டர் காலைத் தொட்டுவிட்டு, தூளியில் தூங்கிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக் குழந்தையை எழுப்பி வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான்.

மிதித்தாலும் இல்லை, விட்டாலும் இல்லை

இரண்டு நிலையிலும் சத்தம் வரவில்லை என்றால் போர்டைப் பார்க்கவே வேண்டாம். ட்ரூ பைபாஸ் பெடலில், ஆஃப் நிலையில் கிட்டார் சிக்னல் இன்புட் ஜாக்கிலிருந்து ஸ்விட்ச் வழியாக நேராக அவுட்புட் ஜாக்குக்குப் போகிறது. பேட்டரி இல்லாவிட்டாலும் போக வேண்டும். அதுவே போகவில்லை என்றால் குற்றவாளி ஜாக், ஸ்விட்ச், கேபிள் மூன்றில் ஒன்று.

முதலில் ஜாக். பேட்டரி போடும் பெடல்களில் இன்புட்டுக்கு ஸ்டீரியோ ஜாக் வைப்பார்கள். மோனோ பின்னைச் செருகியதும் அதன் உடம்பு ஜாக்கின் நடுக் காலையும் எர்த் காலையும் சேர்த்துவிடும். அந்த நடுக் காலில்தான் பேட்டரியின் மைனஸ் இருக்கும். பின்னைச் செருகினால்தான் பெடலுக்குக் கரண்ட் வரும் என்ற தந்திரம் இதுதான். இந்த நடுக் காலில் சிக்னல் வயரைப் பற்றவைத்துவிட்டால் சிக்னல் எர்த்தில் இறங்கிவிடும், சத்தம் பூஜ்யம். எந்தக் கால் எது என்று படத்தைப் பார்த்து ஊகிக்காதீர்கள், ஒரே மாதிரி தெரியும் ஜாக்குகளிலேயே கால் வரிசை மாறுகிறது. கேபிளைச் செருகி, கேபிளின் மறுமுனைப் பின் நுனியில் மீட்டரின் ஒரு முள்ளை வைத்து, மறுமுள்ளால் ஜாக்கின் கால்களைத் தொட்டுப் பாருங்கள். பீப் அடிக்கும் காலில்தான் சிக்னல் வயர் இருக்க வேண்டும்.

அடுத்து, நாம் மிதிக்கும் அந்த நீல நிற ஒன்பது கால் ஸ்விட்ச். தட்டையான கால்கள் படுக்கைவசமாக இருக்கும்படி பிடித்தால், மேலிருந்து கீழாக மூன்று கால்கள் ஒரு குடும்பம். ஒரு நிலையில் நடுக்கால் மேல்காலோடு பீப் அடிக்கும், மிதித்தால் கீழ்க்காலோடு அடிக்கும். 90 டிகிரி திருப்பிப் பொருத்திவிட்டால் எல்லா வயரும் தப்பு. இன்னொரு ஆபத்து சூடு. ஒரு காலில் சால்டரிங் அயனை ஏழெட்டு விநாடி அழுத்திப் பிடித்தால் உள்ளே பிளாஸ்டிக் இளகி, மிதிக்கும்போது 'டக்' என்று நல்லபிள்ளையாகச் சத்தம் வரும், தொடுப்பு மட்டும் இருக்காது. பற்றவைப்பதற்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை என்று ஒன்பது காலையும் மீட்டரில் பார்த்துவிடுவது என் வழக்கம்.

விட்டால் வருகிறது, மிதித்தால் இல்லை

இங்கேதான் போர்டுக்குள் போகிறோம். எல்இடி எரிகிறதா? எரியவில்லை, சத்தமும் இல்லை என்றால் கரண்ட் வரவில்லை. எரிகிறது என்றால் கரண்ட் எல்இடி வரைக்குமாவது வருகிறது. எல்இடி மட்டும் எரியாமல் சத்தம் நன்றாக வந்தால் பெரும்பாலும் அதைத் திருப்பிப் போட்டிருப்பீர்கள்.

அடாப்டர் விஷயத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. கிட்டார் பெடல் உலகில் வழக்கம் 9 வோல்ட், நடுவில் மைனஸ். நம் வீடுகளில் கிடக்கும் வைஃபை ரௌட்டர், செட்டாப் பாக்ஸ் அடாப்டர்கள் பெரும்பாலும் 12 வோல்ட், நடுவில் பிளஸ். பின் அச்சுப் பிசகாமல் பொருந்தும்! பாதுகாப்பு டயோடை வரிசையில் போட்டிருந்தால் ஒன்றும் ஆகாது, பெடல் சும்மா இருக்கும். குறுக்கே போட்டிருந்தால் டயோடு சுடும். டயோடே போடாதவர்கள் ஐசிக்குக் கற்பூரம் ஏற்றலாம். அடாப்டர் மேல் அச்சடித்திருக்கும் வட்டக் குறியைப் பாருங்கள், பார்த்த பிறகும் மீட்டரில் அளந்துவிடுங்கள்.

கரண்ட் சரி என்றால் மீட்டரின் கறுப்பு முள்ளை எர்த்தில் வைத்துக்கொண்டு ஐசியின் கால்களைத் தொடுங்கள். 4558, டிஎல்072 மாதிரி எட்டுக்கால் ஐசியில் 8-ஆம் காலில் 9 வோல்ட்டுக்குக் கிட்டத்தில் இருக்க வேண்டும், 4-இல் பூஜ்யம். 1-லும் 7-லும் பாதி, அதாவது 4.5 அக்கம்பக்கம். இதில் ஒன்று 8 வோல்ட்டிலோ 1 வோல்ட்டிலோ ஒட்டிக்கொண்டிருந்தால் அந்தப் பக்கம்தான் பிழை. பாதி வோல்டேஜ் தரும் இரண்டு 10கே ரெசிஸ்டர்களின் நடுப்புள்ளியை முதலில் பாருங்கள்.

இங்கே பலர் வீணாகப் பயந்துபோவார்கள். 3-ஆம் காலில் 4.5 வர வேண்டும் என்று படித்திருப்பார்கள், மீட்டர் 4.1 காட்டும், மலிவு மீட்டர் என்றால் இரண்டு சொச்சம் காட்டும். அந்தக் காலுக்கு வோல்டேஜ் 1 மெகா ரெசிஸ்டர் வழியாக வருகிறது. மீட்டர் தானே கொஞ்சம் கரண்ட்டைக் குடிக்கிறது. 10 மெகா உள்தடை உள்ள மீட்டர் கொஞ்சமாகக் குடிக்கும், 1 மெகா மீட்டர் பாதியைக் குடித்துவிடும். 1-ஆம் காலில் 4.5 சரியாக இருந்தால் 3-ஆம் கால் காட்டும் எண்ணை மறந்துவிடுங்கள்.

டிரான்சிஸ்டர் சர்க்யூட் என்றால் கால் வரிசை. வெளிநாட்டுப் படங்களில் 2என்3904, 2என்5088 என்று போட்டிருப்பார்கள். நம்மூர்க் கடையில் கிடைப்பது பிசி547, பிசி549. தாராளமாகப் போடலாம், ஆனால் கால் தலைகீழ். தட்டையான முகம் நம்மைப் பார்க்க, கால் கீழே இருக்கப் பிடித்தால் 2என்3904-க்கு இடமிருந்து எமிட்டர், பேஸ், கலெக்டர். பிசி547-க்குக் கலெக்டர், பேஸ், எமிட்டர். அதனால் படத்தில் உள்ளதற்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பிப் போட வேண்டும். படத்தின்படியே போட்டாலும் சிலசமயம் மெலிதாகச் சத்தம் வந்து ஏமாற்றும்.

இதே கதை 5 வோல்ட் ரெகுலேட்டருக்கும். பெரிய 7805-இல் எழுத்து தெரியும் பக்கம் இடமிருந்து உள்ளே, எர்த், வெளியே. டிரான்சிஸ்டர் மாதிரி இருக்கும் குட்டி 78எல்05-இல் இடமிருந்து வெளியே, எர்த், உள்ளே. எதிரொலி தரும் டிலே பெடலில் வரும் பிடி2399 ஐசி 5 வோல்ட்டுக்கானது, 9 வோல்ட் நேராகப் போனால் பிழைக்காது.

வோல்டேஜ் எல்லாம் சரி, சத்தம் மட்டும் இல்லை என்றால் ப்ரோப்பை எடுங்கள். இன்புட் ஜாக், முதல் கண்டென்சருக்கு முன், அதற்குப் பின், ஐசியின் இன்புட் கால், அவுட்புட் கால் என்று போய்க்கொண்டே இருங்கள். பாட்டு நின்ற இடத்துக்கும் கடைசியாகக் கேட்ட இடத்துக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு பார்ட் அல்லது ஒரே ஒரு பற்று. அதை மட்டும் மறுபடி சூடுபடுத்துங்கள்.

பற்றவைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வேலை செய்யும் சித்தப்பா ஒருநாள் என் போர்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, ஈயத்தைச் சுட்டு மேலே கொட்டியிருக்க? ரெண்டு உலோகத்தையும் சுடு, பத்து தானா ஓடும்" என்றார். அவர் வெள்ளிக்கு வெங்காரம் தடவுகிறார், நமக்கு ஃப்ளக்ஸ் ஈயக்கம்பிக்குள்ளேயே இருக்கிறது, வித்தை ஒன்றுதான். அயன் நுனி காலையும் செம்பையும் ஒன்றாகத் தொட வேண்டும், ஒன்றிரண்டு விநாடி கழித்து எதிர்ப்பக்கத்திலிருந்து ஈயம். நல்ல பற்று கூடாரம் மாதிரி சரிந்து பளபளக்கும். உருண்டையாக, மங்கலாக நின்றால் அது டிரை சால்டர், அதாவது சரியாகப் பிடிக்காத பற்று.

வரிவரியாகச் செம்பு ஓடும் வெரோ போர்டில் கட்டியிருந்தால் இன்னொன்று: ஒவ்வொரு வரிக்கும் நடுவில் பிளேடு நுனியை இழுத்துவிடுங்கள். மயிரிழை ஈயம் ஒன்று இரண்டு வரியைச் சேர்த்திருப்பது கண்ணுக்குத் தெரியாது, ஃபோன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும்.

பெட்டிக்கு வெளியே பாடுகிறது, மூடினால் செத்துப்போகிறது

எதுவோ பெட்டியைத் தொடுகிறது. குமிழ் மாட்டித் திருப்பும் கன்ட்ரோலின் உலோக முதுகு போர்டின் அடிப்பக்கத்தைத் தொடலாம். அதைவிட அடிக்கடி நடப்பது: பின்னைச் செருகும்போது ஜாக்கின் சிக்னல் நாக்கு வெளிப்பக்கமாக விரிந்து பெட்டிச் சுவரில் முட்டும். பின் இல்லாதபோது பார்த்தால் இடைவெளி தாராளமாக இருப்பதாகத் தோன்றும். கேபிளைச் செருகிவிட்டு உள்ளே பாருங்கள். ஜாக்கைக் கொஞ்சம் திருப்பி வைத்தால் தீர்ந்தது. கன்ட்ரோல் முதுகுக்குப் பால் கவரை வெட்டி வைக்கலாம், நான் அதைத்தான் வைத்திருக்கிறேன்.

வருகிறது, ஆனால் சோகையாக

சத்தம் சின்னது என்பதையும் மெலிந்தது என்பதையும் பிரித்துக்கொள்ளுங்கள். கனமே இல்லாமல் கொசு மாதிரிக் கேட்டால் கண்டென்சர் மதிப்பு மாறியிருக்கிறது. 104 என்பது 100 நானோ, 102 என்பது 1 நானோ. அடுத்து வரும் தடை 100கே என்று வைத்துக்கொண்டால், 104 போட்டால் 16 ஹெர்ட்ஸ் வரை இறங்கும், 102 போட்டால் 1,600 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் தேய்ந்துவிடும். கிட்டாரின் தடித்த தந்தி 82 ஹெர்ட்ஸ்தான்.

ஒட்டுமொத்தமாகச் சத்தம் சின்னது என்றால் ரெசிஸ்டர். நீல உடம்பு, ஐந்து கோடு ரெசிஸ்டரில் சிவப்பும் ஆரஞ்சும் பழுப்பும் டியூப்லைட் வெளிச்சத்தில் ஒன்றுபோல இருக்கும். 10கே இடத்தில் 100கே போட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தபின், கோட்டைப் படிப்பதையே விட்டுவிட்டேன். ஒவ்வொன்றையும் மீட்டரில் வைத்து எண்ணைப் பார்த்துத்தான் செருகுகிறேன்.

சிக்னலை வெட்டிக் கரடுமுரடாக்கும் டிஸ்டார்ஷன் பெடலில் ஜெர்மானியம் டயோடு போட்டிருந்தால் சத்தம் குறைவாக இருப்பது பிழையே அல்ல. சிலிக்கான் டயோடு 0.6 வோல்ட்டில் சிக்னலை வெட்டும், ஜெர்மானியம் 0.3-க்குள்ளேயே வெட்டிவிடும். சிவப்பு எல்இடி போட்டால் 1.7 வரை விடும், சத்தம் தூக்கலாக வரும்.

உறுமலும் இரைச்சலும்

அடாப்டரைக் கழற்றிவிட்டுப் பேட்டரியில் ஓட்டுங்கள். உறுமல் போய்விட்டதா? அப்படியென்றால் பெடல் நல்ல பிள்ளை, அடாப்டர்தான் அழுக்கு. பழைய கனமான டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர் 100 ஹெர்ட்ஸில் உறுமும், காரணம் நம் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் டிசியாக மாறும்போது இரட்டிப்பாவது. கரண்ட் உள்ளே வரும் இடத்தில் வரிசையில் ஒரு 100 ஓம், அதன் பின் எர்த்துக்கு ஒரு 100 மைக்ரோஃபாரட் போட்டால் அந்த உறுமல் ஆறில் ஒரு பங்காகும். செலவு ஒரு டீக்காசு. பிடி2399 மாதிரி அதிகம் குடிக்கும் பெடல்களில் 100 ஓம் நிறைய வோல்டேஜைத் தின்றுவிடும், அங்கே 22 அல்லது 33 ஓம் போடுங்கள், கண்டென்சரைப் பெரிதாக்குங்கள்.

பேட்டரியிலும் உறுமுகிறது என்றால், கிட்டாரைப் பிடித்தபடி மெல்லச் சுற்றி நில்லுங்கள். திசைக்குத் திசை இரைச்சல் கூடிக் குறைந்தால் அது கிட்டாரின் பிக்கப் (தந்தியின் அதிர்வைச் சிக்னலாக்கும் காந்தச் சுருள்) சுற்றுப்புறத்திலிருந்து பிடிக்கும் இரைச்சல். எங்கள் தெருவில் பக்கத்து வீட்டில் தறி ஓடும்போது ஒரு மாதிரி, மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்தும்போது வேறு மாதிரி. கரண்ட் போய் வீட்டு இன்வெர்ட்டருக்கு மாறியதும் ஆம்பில் ரீங்காரம் ஏறுவதும் இதே வகை, மலிவு இன்வெர்ட்டர் தருவது சதுர அலை. மிக மோசமானது எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர். மூன்றில் வைத்தால் 'ஜிர்ர்' என்று சத்தம், முழு வேகத்தில் வைத்தால் அடங்கும், அணைத்தால் அமைதி. மே மாதச் சேலத்தில் ஃபேனை அணைத்துவிட்டுப் பெடலைச் சோதிப்பது தவம்தான்.

தந்தியைத் தொட்டால் குறைகிறது, விட்டால் ஏறுகிறது என்பதும் பெரும்பாலும் பெடலின் பிழை அல்ல. ஆனால் பெட்டியைத் தொட்டால் குறைகிறது என்றால் பெட்டிக்கு எர்த் இல்லை. பெயின்ட் அடித்த பெட்டிகளில் இது சகஜம். ஜாக்கின் நட்டு பெயின்ட் மேல் உட்கார்ந்திருக்கும், உலோகம் உலோகத்தைத் தொடாது. துளையைச் சுற்றி உள்பக்கம் கத்தியால் சுரண்டிவிடுங்கள். ஆம்பின் மூன்றாவது பின்னை, அதாவது எர்த் பின்னை, உறுமலைக் குறைக்கிறேன் என்று ஒருபோதும் கழற்றாதீர்கள். உறுமல் தொல்லைதான், ஷாக் உயிரை எடுக்கும்.

உறுமல் இல்லாமல் கொசு மாதிரி 'கீ' என்று ஒரே சுருதியில் இரைச்சல் வந்தால், பெடலில் 7660 மாதிரி வோல்டேஜ் மாற்றும் ஐசி இருக்கிறதா பாருங்கள். அது பத்தாயிரம் ஹெர்ட்ஸ் வாக்கில் துடிக்கிறது, அதாவது காதுக்குக் கேட்கும் எல்லைக்குள். பெயரின் கடைசியில் 'எஸ்' உள்ள 7660 என்றால் 1-ஆம் காலை 8-ஆம் காலோடு சேர்த்துவிடுங்கள், துடிப்பு காதுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடும்.

ஊளை

கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவை) ஏற்ற ஏற்ற ஊளையிடுகிறது, கன்ட்ரோலைத் திருப்பினால் சுருதி மாறுகிறது என்றால் அவுட்புட் சிக்னல் எங்கோ இன்புட்டுக்குத் திரும்பி வருகிறது. மூடியைத் திறந்து ஒரு மரக்குச்சியால் வயர்களைத் தள்ளிப் பாருங்கள். எந்த வயரைத் தள்ளும்போது ஊளை மாறுகிறதோ அதைச் சுருக்கி, இன்புட் வயரும் அவுட்புட் வயரும் பெட்டியின் எதிரெதிர்ச் சுவரோரம் போகும்படி செய்யுங்கள். அடங்காவிட்டால் இன்புட்டுக்கு மட்டும் வலைபோட்ட வயர், வலையை ஒரு முனையில் மட்டும் எர்த்தில் சேர்க்க வேண்டும். ஐசியின் 8-ஆம் காலுக்கும் 4-ஆம் காலுக்கும் நேரே ஒரு 104 இல்லையென்றால் அதையும் போட்டுவிடுங்கள்.

கரகர, டப்

கன்ட்ரோலைத் திருப்பும்போது கரகர என்றால் இரண்டு காரணம். ஒன்று அழுக்கும் ஈரமும், ஏற்காட்டில் மூடுபனிக் காலத்தில் அலமாரியில் கிடந்த பெடல்கள் எல்லாம் இப்படித்தான் வந்து சேர்கின்றன. கான்டாக்ட் கிளீனர் ஒரு பீச்சு, இருபது தடவை இங்கும் அங்கும் திருப்பு, முடிந்தது. புதுக் கன்ட்ரோலும் கரகரத்தால் அதன் கால்களில் டிசி அளந்து பாருங்கள். வால்யூம் கன்ட்ரோலில் டிசி பூஜ்யமாக இருக்க வேண்டும். டிசி காட்டினால் அதற்கு முன்னால் உள்ள கண்டென்சர் கசிகிறது, எலக்ட்ரோலிட்டிக் என்றால் திருப்பிப் போட்டிருப்பீர்கள்.

மிதிக்கும்போது 'டப்' என்று வெடித்தால் போர்டின் இன்புட்டிலும் அவுட்புட்டிலும் எர்த்துக்கு 1 மெகாவோ 2.2 மெகாவோ ஒரு ரெசிஸ்டர் போடுங்கள், அது கண்டென்சரில் தேங்கும் கரண்ட்டை வடியவிடும்.

வால்யூம் பாதித் திருப்பலுக்குள்ளேயே முழுதும் ஏறிவிட்டால் லாக் கன்ட்ரோல் (முதலில் மெதுவாக ஏறுவது) இருக்க வேண்டிய இடத்தில் லீனியர் (ஒரே சீராக ஏறுவது) இருக்கிறது. 'ஏ' என்று எழுதியிருந்தால் லாக், 'பி' என்றால் லீனியர். நம்மூரில் 'பி'தான் சுலபமாகக் கிடைக்கும் என்பதால் இதைப் பிழையாகவே நான் எண்ணுவதில்லை.

கடையில் எப்படிக் கேட்பது

"100 நானோஃபாரட் கொடுங்கண்ணா" என்றால் கவுன்டரில் இருப்பவர் முழிப்பார். "104 பத்து" என்றால் அடுத்த நொடி கையில் வைப்பார், "பாயின்ட் ஒன்" என்றாலும் புரியும். பொட்டென்ஷியோமீட்டர் என்று நீட்டி முழக்காமல் வால்யூம் கன்ட்ரோல் என்று கேளுங்கள்.

பெடல் கட்டுகிறேன் என்று விளக்கப்போனால் சைக்கிள் பெடலா என்பார்கள். "பேஸ் ட்ரெபிள் போர்டு மாதிரி, கிட்டாருக்கு" என்று சொல்லிப் பழகிவிட்டேன். உண்மையும் அதுதான். தமிழ்நாட்டில் வீட்டிலேயே ஆம்ப் அசெம்பிள் பண்ணும் வழக்கம் இருப்பதால் அந்தப் போர்டுகளுக்கான 4558 ஐசி எந்த ரிப்பேர் கடையிலும் சட்டென்று கிடைக்கும். 1979-இல் வந்த ஐபனெஸ் டியூப் ஸ்க்ரீமர் என்ற பெடலுக்குள் இருந்ததும் 4558 குடும்பத்து ஐசிதான். மைக் எக்கோ போர்டுகளில் பிடி2399 இருக்கிறது, அதுவே டிலே பெடலின் இதயம். டயோடில் 1என்4148, 1என்4007, டிரான்சிஸ்டரில் பிசி547, பிசி548 எல்லாம் உள்ளூரிலேயே முடியும். பிசி549-இல் கடைசி எழுத்து 'சி' உள்ளது கிடைத்தால் ஃபஸ் என்ற முரட்டு டிஸ்டார்ஷன் பெடலுக்கு எடுத்துவையுங்கள், அதன் கெயின் 420-க்கு மேல்.

ஒன்பது கால் ஸ்விட்ச், ஜே201 மாதிரி ஃபெட் வகை டிரான்சிஸ்டர், டை காஸ்ட் அலுமினியப் பெட்டி இவற்றுக்கு ஆன்லைன்தான். சேர்வராயன் மலையில் பாக்சைட் வெட்டி மேட்டூரில் அலுமினியம் ஆக்கிய ஜில்லாவில் இருந்துகொண்டு அலுமினியப் பெட்டியைக் கூரியரில் வாங்குகிறோம் என்ற வருத்தம் எனக்கு உண்டு. அந்த வருத்தத்தில் ஒருமுறை எவர்சில்வர் டிபன் பாக்ஸில் துளை போட்டேன். எவர்சில்வர், துளையிடத் துளையிட இறுகும் உலோகம். மூன்று டிரில் பிட் கருகின, துளை ஒன்றுதான் விழுந்தது. சின்ன பிட்டில் தொடங்கி, எண்ணெய் விட்டு, மெதுவான வேகத்தில் நன்றாக அழுத்திப் போட வேண்டும் என்று பிறகு ஒரு லேத் பட்டறை அண்ணன் சொன்னார்.

சேலத்தில் செத்து ஏற்காட்டில் பிழைக்கும் ஃபஸ்

கடைசியாக ஒரு விசித்திர அறிகுறி. ஏற்காட்டில் தேவாலயப் பாடகர் குழுவில் வாசிக்கும் நண்பர் ஒருவர் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவிலிருந்து இரண்டு ஏசி128 ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களைக் கழற்றி, ஃபஸ் ஃபேஸ் என்ற பழைய ஃபஸ் பெடலின் சர்க்யூட்டில் ஒரு பெடல் கட்டினார். மேலே அருமையாகப் பாடுகிறது. ஏப்ரல் மாதம் கீழே கொண்டுவந்தார். மதியம் இரண்டு மணிக்கு எங்கள் வீட்டு மொட்டைமாடி அறையில் செருகினால் 'ப்ர்ட்... ப்ர்ட்' என்று துண்டுதுண்டாக வருகிறது, மெதுவாக மீட்டினால் சத்தமே இல்லை. "எங்க வீட்ல நல்லா இருந்துச்சுங்க" என்றார். டிவி ரிப்பேர்காரரிடம் நாம் எல்லோரும் சொல்வதுதான். அயனை எடுத்து எல்லாப் பற்றையும் மறுபடி சூடுபடுத்தினேன், இன்னும் மோசமானது. அந்தச் சூட்டிலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

ஃபஸ் ஃபேஸில் இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரில் 4.5 வோல்ட் வாக்கில் இருக்க வேண்டும். பிஎன்பி டிரான்சிஸ்டர் என்பதால் மைனஸில் காட்டும், எண்ணை மட்டும் பாருங்கள். எங்களுக்கு 7.1 காட்டியது. முதல் டிரான்சிஸ்டரின் உலோகத் தொப்பியை இரண்டு விரலால் பிடித்தேன். மீட்டரில் எண் ஏறியது: 7.2, 7.3. டம்ளரில் ஐஸ் தண்ணீர் கொண்டுவந்து, டம்ளரின் வெளிப்பக்கத்தை ஒரு துணி வைத்துத் தொப்பியில் ஒட்டிப் பிடித்தோம். 6.5, 6, 5.4 என்று இறங்கிக்கொண்டே வந்தது. நண்பர் தந்தியைத் தட்டிக்கொண்டிருந்தார், துண்டுதுண்டாக வந்த சத்தம் எங்கள் காதெதிரே ஒன்றுசேர்ந்து தேன் மாதிரி நீண்டது.

ஜெர்மானியத்தில் கசிவுக் கரண்ட் என்று ஒன்று எப்போதும் இருக்கும், வெப்பம் 10 டிகிரி ஏறினால் அது ஏறக்குறைய இரட்டிப்பாகும். முதல் டிரான்சிஸ்டர் கசியக் கசிய இரண்டாவதற்கு வேலை குறைகிறது, அதன் கலெக்டர் 9 வோல்ட்டை நோக்கி ஏறுகிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். சேலத்துக்கும் அதற்கும் எட்டுப் பத்து டிகிரி வித்தியாசம், மொட்டைமாடி அறை என்றால் இன்னும் கூட. கசிவைக் கட்டுவதற்கு முன்பே அளக்கலாம்: எமிட்டரை 9 வோல்ட்டின் பிளஸ்ஸிலும் கலெக்டரை 2.4கே வழியாக மைனஸிலும் சேர்த்து, பேஸை வெறுமனே விட்டுவிட்டு, அந்த 2.4கே மேல் அளந்தால் ஒவ்வொரு 0.24 வோல்ட்டும் 100 மைக்ரோஆம்பியர் கசிவு. 200-க்குள் இருந்தால் முதல் இடத்துக்கு ஏற்றது, 300-ஐத் தாண்டினால் ஒதுக்கிவிடுவேன். இந்தச் சோதனையை மதிய வெயிலில் செய்யுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை: இந்த வகை பிஎன்பி ஃபஸ்ஸில் பேட்டரியின் பிளஸ்தான் எர்த். மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் கோத்தால் ஷார்ட் ஆகி எல்லாப் பெடலும் ஒன்றாக அணைந்துவிடும். ஒரு மில்லிஆம்பியர்கூடக் குடிக்காத சர்க்யூட் இது, தனி பேட்டரியே போதும்.

நண்பரின் பெடலில் இரண்டாவது கலெக்டருக்குப் போகும் 8.2கே ரெசிஸ்டரை எடுத்துவிட்டு, ஒரு 4.7கே-வும் அதோடு வரிசையில் 25கே கன்ட்ரோலும் போட்டு, கன்ட்ரோலைப் பெட்டிக்கு வெளியே கொண்டுவந்தோம். மீட்டரைப் பார்த்தபடி 4.5 வரும்வரை திருப்பினேன், அந்த இடத்தில் நண்பர் பெட்டிமேல் மார்க்கரால் ஒரு கோடு போட்டு 'கீழே' என்று எழுதினார். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, இரவு பத்தரைக்கு ஃபோட்டோ அனுப்பினார். ஸ்வெட்டர் போட்ட கை, கன்ட்ரோலுக்கு இடப்பக்கம் இரண்டாவது கோடு, பக்கத்தில் 'மேலே'.